மீன் சாகிறது கிணத்துத் தண்ணியாலோ?

கேள்வி:

மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி வாங்கினோம். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல், பிளாஸ்ரிக் செடி, காற்று மோட்டர், ஸ்பொஞ்ச் ஃபில்டர் எல்லாம் கடையிலேயே தந்தார்கள். அன்று பின்னேரமே கிணத்துத் தண்ணி நிரப்பி இரண்டு கோல்ட் ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், ஆறு கப்பி, ஒரு சக்கர் விட்டோம். நாலாம் நாள் தண்ணி பால் கலந்த மாதிரி வெளிறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்காரரிடம் கேட்டோம். முழுத் தண்ணியையும் மாற்றி, ஃபில்டரையும் கல்லையும் நன்றாகக் கழுவுங்கள் என்றார். அப்படியே செய்தோம். மறுநாள் ஏஞ்சல் இரண்டும் போய்விட்டன. அந்தக் கிழமைக்குள் கோல்ட் ஃபிஷ் இரண்டும் கப்பி மூன்றும் போயின. இப்போது மிச்சம் மூன்று கப்பியும் சக்கரும்தான். எங்கள் வளவுக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம். கிணத்துத் தண்ணி கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படியும். தண்ணிதான் பிழையோ? கடையில் விற்கிற ஆர்.ஓ. தண்ணி நிரப்பலாமா? இந்தத் தொட்டிக்கு என்ன மீன், எத்தனை விடலாம்? மகள் திரும்பவும் கோல்ட் ஃபிஷ்தான் கேட்கிறாள்.

ஒரு தாய், உரும்பிராய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கிணத்தின் மேல் விழுந்த பழியை எடுத்துவிடுவோம். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணத்துக்குள்ளேயே கப்பி விடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தக் கப்பிகளுக்கு யாரும் ஃபில்டர் வைப்பதில்லை. அவை அங்கேயே குட்டி போட்டுப் பெருகும். உங்கள் மீன்களைக் கொன்றது அவற்றின் சொந்தக் கழிவு. கழிவுக் குழி வெட்ட முதலே கலியாண வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்ட கதைதான் நடந்திருக்கிறது.

மீன் மூச்சு விடும்போதே செவுளால் அமோனியாவை வெளியேற்றும். தின்னாமல் விட்ட சாப்பாடு அழுகினாலும் வருவது அமோனியாதான். அது செவுளை எரிக்கும். மேலே வந்து வாயைத் திறந்து மூடியதற்குக் காரணம் அது. இந்த அமோனியாவைத் தின்று வாழும் பற்றீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சு. அது மீனின் இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினைப் பழுதாக்கி ஒட்சிசன் சுமக்க விடாது. கடைசியில் வருகிற நைத்திரேற்று அவ்வளவு பொல்லாதது இல்லை. அதைத் தண்ணி மாற்றியும் செடி வைத்தும் சமாளிக்கலாம். இன்னும் சில வருடத்தில் உங்கள் மகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கப்போகிற நைதரசன் வட்டத்தின் ஒரு துண்டுதான் இது. பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கு நைத்திரோபற்றர் என்று எழுதியிருக்கும். 1990களின் பிற்பகுதியில் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது அங்கே அந்த வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்று தெரிந்தது. 2015 இல், இரண்டு வேலையையும் தனி ஒன்றாகவே செய்து முடிக்கிற நைத்திரோஸ்பைராவையும் கண்டுபிடித்தார்கள்.

பெயர் எதுவானாலும் எங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று: இந்தப் பற்றீரியா மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில், எங்கேயிருந்தும் விதை கொண்டுவராமல் தொடங்கினால், இரண்டு கூட்டமும் போதிய அளவு சேர நாலு கிழமை, ஆறு கிழமை ஆகும். எங்கள் வெக்கை அதற்கு நல்லது. கொஞ்சம் முந்தியும் முடியலாம். நீங்கள் முதல் நாளே பதினொரு மீன் விட்டீர்கள். அவற்றின் கழிவைத் தின்ன அந்தத் தொட்டியில் ஆளே இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தண்ணிக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. இணையத்தில் வீடியோ பார்த்துத் தொட்டி வைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதனால் கிணத்துத் தண்ணியில் கல்சியம் கூட, தண்ணி அமிலமா காரமா என்று காட்டுகிற பீ.எச். பெறுமானமும் கூட; காற்றுப் பட்டு நின்ற தண்ணி பெரும்பாலும் 8 அளவில் இருக்கும். அமோனியா தண்ணியில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மீனைக் கொல்லும், மற்றது அநேகமாக ஒன்றும் செய்யாது. எந்த உருவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பீ.எச்.சும் வெப்பமும். 29 அல்லது 30 பாகை வெக்கையில், பீ.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் கொல்லும் உருவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பீ.எச். 8 என்றால் நூற்றுக்கு ஏழு. அதே அமோனியா, அதே மீன், ஆனால் இங்கே நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. கல்சியம் குறைந்த மெதுநீர் உள்ள ஊர்க்காரர் "நான் முதல் நாளே மீன் விட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தண்ணி அவரைக் காப்பாற்றியது. எங்களுடையது அப்படிக் காப்பாற்றாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தப் பற்றீரியா வேலை செய்யும்போது பீ.எச். விழாமல் தாங்கிப் பிடிக்கிற தண்ணியின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். மெதுநீரில் அது தீர்ந்துபோய் பீ.எச். திடீரென்று விழும், பற்றீரியாவும் படுத்துவிடும். எங்கள் தண்ணியில் அந்தப் பயம் இல்லை. போதிய பற்றீரியா சேர்ந்து பழகிய யாழ்ப்பாணத் தொட்டி அசையாமல் நிற்கும். பழகும் வரைதான் கண்டம்.

கடைக்காரர் சொன்னது நல்ல மனதோடு சொன்னதாக இருக்கலாம். ஆனால் அது தலைகீழான வைத்தியம். பற்றீரியா தண்ணியில் மிதப்பதில்லை. ஸ்பொஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவியபோது நாலு நாளில் வந்து சேர்ந்த கொஞ்சமும் வாய்க்காலோடு போயிருக்கும். தண்ணி பாலாக வெளிறியது வேறு வகைப் பற்றீரியா. கூடப் போட்ட சாப்பாட்டைத் தின்று பெருகியது. சாப்பாட்டைக் குறைத்தால் சில நாளில் தானாகவே தெளியும். இன்னொன்று, கிணத்திலிருந்து அப்போதே இறைத்த தண்ணியில் காபனீரொட்சைட்டு கூட, ஒட்சிசன் குறைவு. அந்தக் காபனீரொட்சைட்டு காற்றுப் பட்டு வெளியேற வெளியேற, சில மணித்தியாலத்துக்குள் பீ.எச். ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே செவுள் எரிந்த மீனை அந்தத் தண்ணியில் விட்டால் என்ன நடக்கும் என்பதை ஏஞ்சல் இரண்டும் காட்டிவிட்டன.

இனி இருக்கிற மூன்று கப்பிக்கு வருவோம். புதிதாக ஒரு மீனும் வாங்க வேண்டாம். மகள் அழுதாலும் வேண்டாம். உங்கள் தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லீற்றர் தண்ணி இருக்கும். மூன்று கப்பியின் கழிவு அதற்குப் பெரிய பாரமில்லை. பற்றீரியாவுக்குச் சாப்பாடு கொடுக்கவும் அது போதும். சாப்பாடு இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கிற அளவு. பசியால் கப்பி சாகாது. முதல் இரண்டு கிழமை ஒன்றைவிட்டு ஒரு நாள் ஒரு வாளி, பத்துப் பன்னிரண்டு லீற்றர், வெளியே எடுத்துப் புதுத் தண்ணி ஊற்றுங்கள். அந்தப் புதுத் தண்ணி முதல் நாளே வாளியில் இறைத்து வைத்ததாக இருக்க வேண்டும். காற்று மோட்டரின் குழாயை ஒரு மணித்தியாலம் அதற்குள் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஸ்பொஞ்சைத் தொட வேண்டாம். காற்றுக் குமிழி வராத அளவுக்கு அடைத்தால் மட்டும், வெளியே எடுத்த தொட்டித் தண்ணியிலேயே இரண்டு தரம் பிழிந்து திரும்பப் போடுங்கள். சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது.

முடிந்தால், தண்ணியில் அமோனியாவும் நைத்திரைற்றும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று காட்டுகிற ஒரு சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டி வகை எனக்குப் பிடிப்பதில்லை. அமோனியாவுக்கு அதன் வாசிப்பு நம்பக்கூடியதாக இல்லை. இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். விலையைப் பார்த்தால் கை நடுங்கும், ஆனால் செத்த மீன்களின் காசைக் கூட்டிப் பாருங்கள். அமோனியா லீற்றருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றைக்கே ஒரு வாளி மாற்ற வேண்டும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். இந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் பலர் ஏமாறுவது. அமோனியா பூச்சியம் என்று கண்டவுடன் கடைக்கு ஓடுவார்கள். நைத்திரைற்று ஏறுகிற நாட்களில் நாலு தேக்கரண்டி உப்பைத் தனியே கரைத்து இரண்டு தடவையாக ஊற்றலாம். ஆனையிறவு உப்பே போதும். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். உங்கள் கிணறு ஏற்கெனவே கொஞ்சம் சவர் என்றால் அதுவும் தேவையில்லை. இரண்டும் பூச்சியமாகி, நைத்திரேற்று மட்டும் தெரிந்து, ஒரு கிழமை அப்படியே நின்றால் தொட்டி பழகிவிட்டது.

காத்திருக்கிற காலத்தைக் குறைக்க ஒரு நேர்வழி உண்டு. வருடக் கணக்கில் நோயில்லாமல் மீன் வளர்க்கிற யாரும் தெரிந்தவர் இருந்தால், அவர்களுடைய ஃபில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். தொட்டித் தண்ணியோடேயே போத்தலில் போட்டு, காயவிடாமல், அன்றைக்கே கொண்டுவந்து உங்கள் தொட்டிக்குள் வையுங்கள். ஆறு கிழமை இரண்டு கிழமையாகச் சுருங்கலாம். கடையில் போத்தலில் விற்கிற பற்றீரியாவைக் கேட்டீர்களென்றால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உயிருள்ள சாமான். வெக்கையான தட்டில் எத்தனை மாதம் நின்றதோ யார் கண்டது? ஊற்றினாலும் மேலே சொன்ன பொறுமையைக் கைவிட வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணி வேண்டவே வேண்டாம். கல்சியமும் காரத்தன்மையும் எடுக்கப்பட்ட தண்ணி அது. அதில் பீ.எச். நிலையாக நிற்காது, கப்பியும் வாடும். மழைத் தண்ணியும் அப்படித்தான். குழாய்த் தண்ணி பாவிக்கிறவர்கள் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது குளோரீன் நீக்கி சேர்க்க வேண்டும். கிணத்துக்காரருக்கும் அந்த எச்சரிக்கை உண்டு. மாரி வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணத்துக்குக் குளோரீன் போட்டுவிட்டுப் போவார். அந்தத் தண்ணியை அப்படியே தொட்டிக்கு ஊற்றினால் மீனும் பற்றீரியாவும் சேர்ந்து போகும்.

வெங்காயத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் மீனுக்காக அல்ல. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடுகிற பசளையிலிருந்து நைத்திரேற்று கிணத்துக்கு இறங்குவது பல ஆய்வுகளில் அளக்கப்பட்ட உண்மை. கப்பி அதைத் தாங்கும். தண்ணி மாற்றினாலும் உங்கள் தொட்டியில் நைத்திரேற்று குறையாமல் நின்றால் அது கிணத்திலிருந்தே வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு மணி பிளான்ட் கொப்பை, வேர் மட்டும் தண்ணிக்குள் நிற்கிற மாதிரிச் செருகிவிட்டால் அது கொஞ்சம் உறிஞ்சும். உள்ளே வல்லிஸ்னேரியா நடலாம். எங்கள் கடினநீரில் செழிக்கிற செடி அது. ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்து, பால்மா கரைக்க இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், முதலில் கிணத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால், மீனுக்கு நைத்திரைற்று செய்கிற அதே வேலையைக் குழந்தையின் இரத்தத்திலும் செய்யக்கூடும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும்.

என்ன மீன் என்ற கேள்விக்கு என் விடை: தண்ணிக்கு ஏற்ற மீனை வாங்குங்கள், மீனுக்கு ஏற்றபடி தண்ணியை மாற்றப் போகாதீர்கள். கப்பி, பிளாட்டி, மொலி, வாள்வால் எல்லாம் கடினநீரில் சந்தோஷமாக இருக்கிற குட்டி போடும் மீன்கள். உங்கள் அளவுத் தொட்டிக்கு எட்டு ஆண் கப்பி என் முதல் தெரிவு. நிறமெல்லாம் ஆணில்தான். பெண்ணும் சேர்ந்தால் நாலு கிழமைக்கொருமுறை குட்டி. ஒருமுறை கூடிய பெண், ஆண் இல்லாமலேயே மாதக் கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கிற மூன்றில், வால் சின்னதாய், வயிற்றடியில் கறுப்புப் புள்ளியோடு ஏதாவது இருந்தால் அது பெண். யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. கப்பி வேண்டாமென்றால் ஐந்து பிளாட்டி. குருநகர், தீவுப் பக்கம் போல் கிணறு சவரான இடத்தவர்கள் மொலி வைக்கலாம், ஆனால் அது வளரும். இரண்டு அடித் தொட்டிக்கு மூன்று போதும். எதுவானாலும் ஒரே தரத்தில் விட வேண்டாம். தொட்டி பழகிய பிறகு இரண்டு, மூன்றாக, இடையில் இரண்டு கிழமை விட்டு.

செர்ரி பார்ப் எங்கள் நாட்டு மீன்தானே என்று சிலர் கேட்பார்கள். நாட்டு மீன்தான், ஆனால் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளின் மெதுநீரில் பிறந்தது; உரும்பிராய்க் கிணறு அதற்கு அந்நிய தேசம். ஏஞ்சலும் இதே கதை. அதோடு அது வளர்ந்தால் உங்கள் தொட்டியின் உயரம் போதாது, கப்பியின் வாலையும் விடாது. சக்கர் தப்பியதற்குக் காரணம், அது மேலே வந்து காற்றையே விழுங்கி மூச்சு விடக்கூடியது. ஆனால் அது ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியைச் சுத்தமாக்குகிற மீன் என்று விற்பார்கள். அது போடுகிற கழிவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள். குளத்திலோ கிணத்திலோ மட்டும் விடாதீர்கள். இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகித் தொல்லை கொடுக்கிற ஆக்கிரமிப்பு மீன் அது.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, முருகைக்கல் ஒன்றும் அலங்காரத்துக்குப் போட வேண்டாம். எங்கள் தண்ணியில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய. ஹீட்டரும் தேவையில்லை.

கரண்ட் போனால் சாப்பாடு போடாதீர்கள். நீண்ட நேரம் வராவிட்டால், ஒரு கோப்பையால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். மீனுக்கும் ஸ்பொஞ்சிலுள்ள பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் அதுதான். பவர் பாங்கில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டரும் இப்போது கிடைக்கிறது. டெங்குக்குப் புகையடிக்க வருகிற நாளில் தொட்டியை ஈரத் துவாயால் மூடி, காற்று மோட்டரை நிறுத்துங்கள். புகை அடங்கி வீட்டுக்குள் காற்றோட்டம் வந்த பிறகு போட்டால் போதும். இல்லாவிட்டால் மோட்டரே அந்த மருந்தை உறிஞ்சித் தண்ணிக்குள் ஊதிவிடும். வீட்டில் அடிக்கிற நுளம்பு ஸ்பிரேக்கும் இதே விதி.

இதை வாசிக்கிற வேறு யாராவது இன்னும் மீன் வாங்காமல் வெறும் தொட்டியோடு இருந்தால், அவர்கள் பாடு இதைவிடச் சுகம். உரித்த பச்சை றால் ஒரு சின்னத் துண்டை மெல்லிய துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, ஃபில்டரை ஓட விடுங்கள். அது அழுகி அமோனியா கொடுக்கும். மணக்கும், தொட்டியை விறாந்தையில் வைத்திருங்கள். அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏறியதும் துண்டை எடுத்துவிட்டு, அது இறங்குவதையும் நைத்திரைற்று ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இடையில் அமோனியா பூச்சியத்துக்கு வந்தால் இன்னொரு சின்னத் துண்டு போட்டு பற்றீரியாவைப் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் பாதிக்கு மேல் தண்ணி மாற்றி, பிறகு மீன்.

கடைசியாகக் கோல்ட் ஃபிஷ். அது குளிர்நாட்டு மீன். 20 பாகைத் தண்ணியில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும், 30 பாகையில் ஏழரைதான். சாப்பாடு கூட, கழிவு கூட, வளர்ந்தால் கையளவுக்கு மேலே போகும். உங்கள் தொட்டியில் ஒன்றுகூட விட வேண்டாம். மகள் விடாப்பிடியாக இருந்தால், கையில் காசு இருக்கிற ஒரு காலத்தில், முற்றத்து மாமர நிழலில் 300 லீற்றருக்குக் குறையாத சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டிக் கொடுங்கள். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரையும். ஆகவே மூன்று கிழமைக்காவது தண்ணி நிரப்பி, நாலைந்து நாளுக்கொருமுறை திறந்துவிட்டு, திரும்ப நிரப்ப வேண்டும். உங்கள் சின்னத் தொட்டி அதற்குள் பழகியிருக்கும். அதன் ஸ்பொஞ்சில் பாதியை வெட்டிப் புதுத் தொட்டிக்கு வைத்தால் தொடக்கம் சுலபம். மேலே வலை கட்ட மறக்காதீர்கள், அந்தப் பக்கத்தில் மீன்கொத்தி கூட.